ஓய்வுக்குப் பிறகு வந்த நியமனம்
நாட்டின் முதல் பெண் உச்ச நீதிமன்ற நீதிபதியைப் பற்றிச் சொல்லப்படும் ‘கேரள உயர் நீதிமன்றத்தில் இருந்தபோதே பாத்திமா பீவி உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டார்’ என்ற வரி தவறு. 62 வயது நிறைந்து 1989 ஏப்ரல் 29-இல் அங்கே ஓய்வு பெற்றுவிட்டார். உச்ச நீதிமன்றத்தில் பதவியேற்றது அக்டோபர் 6-இல்தான். ஓய்வுக்குப் பிறகு இப்படி நியமிக்கத் தடை கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ஐந்தாண்டு நீதிபதியாக இருந்திருந்தால் போதும் என்கிறது அரசியல் சாசனத்தின் 124-ஆவது பிரிவு. அவர் 1983 ஆகஸ்டிலேயே நீதிபதியானவர். உச்ச நீதிமன்ற வயது வரம்பு 65 என்பதால் அவர் பதவிக்காலம் 1992 ஏப்ரலோடு முடிந்துபோனது. நாட்டின் முதல் பெண் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு இரண்டரை ஆண்டு ரொம்பவே குறைவு. பாறசாலை வாசகர் ஒருவர் இவரோடு சேர்த்துச் சொல்லும் அன்னா சாண்டி வேறு ஒருவர். 1959-இல் உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் இந்தியப் பெண் அவர். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் வினாடி வினா நடத்துகிறவர்கள் இந்த இருவரையும் தயவுசெய்து பிரித்துக் கேளுங்கள்.