மறுபடியும் அடைத்துக்கொண்டது

விறகு அடுப்பின் கேட்டலிஸ்ட், அதாவது புகையை எரித்துக் குறைக்கும் பீங்கான் பாகம், மறுபடியும் அடைத்துக்கொண்டது. கதவைத் திறந்தாலே புகை முகத்தில் அடிக்கிறது. தேன்கூடு மாதிரி பொடிப்பொடிக் கண்கள், எல்லாவற்றிலும் சாம்பல். கம்பி பிரஷால் தேய்க்கவும் கூடாது, காற்றைப் பீய்ச்சவும் கூடாது; பல்லேடியம் பூச்சு போய்விடும், பீங்கானும் உடையும். அடுப்பு முழுக்க ஆறும்வரை குளிரில் காத்திருந்து, மெல்லிய பெயிண்ட் பிரஷால் தடவித் தடவித்தான் எடுக்க வேண்டும். அப்புறம் அதைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் அந்த கேஸ்கெட்! எடுக்கும்போதே பிய்ந்து வருகிறது.

உண்மையில் கோபம் வீட்டில் இருப்பவர்கள் மேல்தான். பெயிண்ட் அடித்த பலகையைப் போடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? அதிலுள்ள ஈயமும் துத்தநாகமும் பூச்சில் படிந்தால் எந்த பிரஷும் உதவாது. ஈர விறகு இன்னொரு தொல்லை. சுமார் 260 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் கேட்டலிஸ்ட் வேலையே செய்யும். ஈர விறகில் அதற்குள் பாதி ராத்திரி போய்விடுகிறது.