நிழற்குடைப் பட்டியல் சரி, சட்டமன்றத்தில் பேசியது எங்கே?

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் ஓராண்டுப் பணிகளைப் பட்டியலிட்ட கட்டுரையைப் படித்தேன். கண் சிகிச்சை முகாம், ரேஷன் கடைக் கட்டடம், நான்கு நிழற்குடைகள், மனுநாள். எதையும் குறை சொல்லவில்லை. கண் முகாமில் என் பெரியம்மாவுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைத்தது, நன்றி. ஆனால் நிழற்குடை அவருடைய சொந்தப் பணமா? தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்குவது அரசு. எம்.எல்.ஏ. பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்து முடிக்கும். நிழற்குடைகளில் ஊர்ப் பெயரைவிட அவர் பெயர் பெரிதாக இருப்பதால் வெளியூர்க்காரர்கள் எந்த நிறுத்தம் என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டியவை வேறு. 2022-இல் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்துக்காக எல்லா எம்.எல்.ஏ.க்களிடமும் பத்து முக்கியக் கோரிக்கைகள் கேட்டார்கள். நம்மவர் கொடுத்த பத்து எவை, எத்தனை நிறைவேறின? துறைவாரியாக நிதி ஒதுக்க சட்டமன்றத்தில் நடக்கும் மானியக் கோரிக்கை விவாதங்களில் தொகுதிக்காக என்ன பேசினார்? சட்டமன்ற உறுப்பினரின் முதல் வேலை சட்டமன்றத்தில்தானே! காதணி விழாக்களில் கலந்துகொண்டதற்கெல்லாம் படம் போட்டவர்கள் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம். மனுநாளில் வாங்கிய மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கொடுக்கிறார்களா என்பதையும் அடுத்த முறை கேட்டு எழுதுங்கள்.