தராசைத் துடைத்த பிறகே கற்பூரம்

பக்தி கோயில் வாசலோடு நின்றுவிடக் கூடாது என்று ஒரு கட்டுரையில் படித்ததும் அப்பா நினைவுதான் வந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருந்தார். காலையில் தராசுத் தட்டு இரண்டையும் துடைத்து, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மாரியம்மன் படத்துக்குக் கற்பூரம். புளி நிறுத்தால், அடியில் போட்ட தாளுக்குச் சமமாக எடைக்கல் பக்கமும் ஒரு தாள் வைப்பார்.

ஒருமுறை ஏற்காடு காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் அம்மா ஒருவர் 50 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து சம்பாத்தியத்தைச் செலவழிக்கிறவர். அதைத் தனியாக மடித்துக் கல்லாவில் வைத்திருந்து, மூன்று வாரம் கழித்து அவர் வந்ததும் முதல் வேலையாகக் கொடுத்தார் அப்பா.

இப்போது கடை என் கையில். மின்னணுத் தராசில் டப்பா எடையைக் கழிக்க ஒரு பொத்தான் போதும். கூட்டம் நெரிகிற ஆடி மாதத்திலும் அதை அழுத்தாமல் நிறுக்க எனக்குக் கை வராது.