கேரளமும் ஒரு மாநிலம்தான்

கடல் மீன்பிடிப்பு யார் கையில் இருக்க வேண்டும், மாநிலமா ஒன்றியமா என்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாகச் சண்டை. மாநில உரிமைக்காக நரம்பு புடைக்க எழுதிய தம்பிகளில் பாதிப் பேர் கடலில் கால் நனைக்காதவர்கள். அது கிடக்கட்டும், நானும் மாநிலத்தின் பக்கம்தான். ஆனால் குமரி மாவட்டக் கடற்புறத்தில் நின்று பார்த்தால் அந்தக் கோஷம் அப்படியே பொருந்தவில்லை.

அரசியலமைப்பின்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21ஆவது இனம். கடல் எல்லைக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலில் 57ஆவது. எல்லை என்பது கரையிலிருந்து 12 கடல் மைல், ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அதைத் தாண்டி 200 கடல் மைல் வரை டெல்லி.

எங்கள் மாவட்டத்தின் பெரிய தொழிலோ அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் நடக்கிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் சுறாவுக்கும் சூரை மீனுக்கும் தூண்டில் போட்டு வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். படகுப் பதிவு தமிழ்நாட்டில். மீன் இறக்குவது பெரும்பாலும் கொச்சியில். தொழில் லட்சத்தீவு, கோவா, குஜராத் வரை நீளும். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் டீகோ கார்சியா தீவுப் பக்கம் போய் பிரிட்டிஷ்காரர்களிடம் பிடிபட்டவர்களும் உண்டு. இவர்களிடம் போய் "அதிகாரம் முழுக்க மாநிலத்துக்கே" என்று சொன்னால், "எந்த மாநிலத்துக்கு?" என்றுதான் கேட்பார்கள். கேரளமும் ஒரு மாநிலம்தானே! அங்கே எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று தனிச் சட்டம். வெளிமாநிலப் படகு என்றால் தனிக் கெடுபிடி. சட்டம் நல்ல சட்டம்தான், குஞ்சு மீனை அள்ளுவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் ஒரே படகு ஒரே பயணத்தில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லும்?

2021இல் ஒன்றிய அரசு கடல் மீன்வள மசோதா என்று ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தது. தமிழ்நாடு எதிர்த்தது, கடற்புறமும் எதிர்த்தது, மசோதா ஒதுங்கிப்போனது. ஆனால் அதே விஷயம் 2025 நவம்பரில் நாடாளுமன்ற விவாதம் எதுவும் இல்லாமல் விதிகளாக வந்து இறங்கியது. 12 மைலுக்கு அப்பால் போகும் விசைப்படகுகளும் பெரிய இயந்திரப் படகுகளும் இணையத்தில் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். கட்டணம் இல்லை, சிறு நாட்டுப் படகுகளுக்கு விலக்கு, வெளிநாட்டுக் கப்பலுக்கு இடமில்லை. இதெல்லாம் நல்லதுதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சீட்டை எடுக்கிற இடத்தில் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து ஊர் மாமா ஒருவருக்குத் துணையாகக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். ஓடிபி அவருடைய மகனின் எண்ணுக்குப் போகிறது. மகன் படகில். படகு லட்சத்தீவுக்கு மேற்கே எங்கேயோ. "அவன் கரைக்கு வந்தாத்தான மக்கா நம்பர் சொல்லுவான்" என்று சிரித்துவிட்டு மாமா எழுந்து போய்விட்டார்.

மாநிலம் சொல்வது முழுக்கச் சரி என்று எனக்குத் தோன்றுவது சுருக்குமடி விஷயத்தில். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளுகிற பெரிய வலை அது. தமிழ்நாடு அதை 2000இலேயே தடை செய்தது, 2022 பிப்ரவரியில் மறுபடியும் அரசாணை போட்டது. ஒன்றிய அரசோ நிபுணர் குழு அறிக்கையைக் காட்டி, 12 மைலுக்கு வெளியே நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்றது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்தது: 12 மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை. காகிதத்தில் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அந்த மடியை ஏற்றிக்கொண்டு படகு கரையிலிருந்துதானே கிளம்பும்? போக 22 கிலோமீட்டர், வர 22 கிலோமீட்டர், இரண்டும் தடை இருக்கிற கடல் வழியாக. நடுவழியில் சாளைக் கூட்டம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்குமா? மடியை எங்கே வளைத்தார்கள் என்பதற்குப் படகில் பொருத்திய கருவிதான் சாட்சி. அதைக் கரையில் உட்கார்ந்து யார் பார்க்கிறார்கள்? வெளியே ஒரு சட்டம், உள்ளே ஒரு சட்டம் என்றால் உள்ளே இருக்கிற சட்டம் செத்துப்போகும். நஷ்டம் கரையில் நின்று கரமடி வலை இழுக்கிறவர்களுக்கும், சின்ன நாட்டுப் படகில் போகிற வள்ளக்காரர்களுக்கும்.

அதற்காக மாநிலத்துக்குக் கைதட்டிவிட முடியாது. கரையோரக் கடலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்று விதி இருக்கிறது. வலை அறுந்து வருகிற வள்ளக்காரரிடம் அந்த விதியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், காது கொடுத்துக் கேட்க முடியாது. கையில் இருக்கிற 12 மைலை ஒழுங்காகக் காவல் காத்தால்தான் அடுத்த மைலைக் கேட்க வாய் வரும்.

அப்புறம் ஒக்கி புயல். 2017 நவம்பர் 30. கடலுக்குப் போனவர்களின் கணக்கு வைத்திருக்க வேண்டியது மாநிலம். தேட வேண்டிய கப்பலும் விமானமும் ஒன்றியத்திடம். எத்தனை பேர் திரும்பவில்லை என்பதிலேயே ஆளுக்கொரு எண்ணிக்கை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த ஜனம், அதிகாரம் யாருக்கு என்று கேட்க உட்காரவில்லை. ஆளைத் தேடு என்று கேட்க உட்கார்ந்தது.

இரண்டு அரசும் சேர்ந்து செய்ய முடியாத வேலை இல்லை இது. மீன்பிடித் தடைக்காலத்தைப் பாருங்கள். எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே கிழக்குக் கடற்கரையில் சேரும் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் சேரும் குளச்சல் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 12 மைல் கோட்டுக்கு உள்ளே மாநில உத்தரவு, வெளியே ஒன்றிய உத்தரவு, ஆனால் அந்தந்தக் கரைக்கு இரண்டு உத்தரவிலும் தேதி ஒன்றுதான்.

அதே மாதிரி, 12 மைலுக்கு அப்பால் போகும் அனுமதியையும் மாநில மீன்வளத்துறை அலுவலகமே கையில் கொடுக்கட்டும். தமிழ்நாட்டுப் பதிவைக் கேரளமும் கர்நாடகமும் கேள்வி கேட்காமல் ஏற்க ஒரு ஒப்பந்தம் போடட்டும். மாநிலம் தடுத்த மடிக்கு வெளியிலும் தடை இருக்கட்டும். ஆழ்கடலில் தேடுவதும் மீட்பதும் ஒன்றியத்தின் வேலை, அதில் சாக்கு வேண்டாம்.

இன்னொன்று. மீன்பிடிக்கச் சீட்டு கொடுக்கிற அதே ஒன்றிய அரசுதான் குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேட வட்டாரங்களை ஏலம் விட்டிருக்கிறது. நாளைக்கு அங்கே துளை போடும் கப்பல் வந்து நின்றால் இந்தச் சீட்டு அந்த இடத்தில் செல்லுமா, செல்லாதா? எழுத்தில் கேட்டு அனுப்பலாம் என்றிருக்கிறோம். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.