நட்சத்திரப் பேராசிரியர் வருவார், பில்லை யார் பாஸ் செய்வது?

2025-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சி நிதியை வெட்ட ஆரம்பித்ததும் மற்ற நாடுகள் கடை விரித்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 50 கோடி யூரோ அறிவித்தது. பிரான்ஸ் தன் பங்குக்கு 10 கோடி யூரோ. பிரிட்டன் 5.4 கோடி பவுண்டு. வருடக் கடைசியில் கனடா 170 கோடி கனடிய டாலர் என்று எல்லோரையும் தாண்டிவிட்டது. இந்தியாவிலும் "வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஆட்களைத் திரும்பக் கொண்டுவரணும்" என்ற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. பேசுகிறவர்களில் பாதிப் பேர் சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், மீதிப் பேர் தேசப்பற்றை. கணினியியலைப் பொறுத்தவரை இரண்டாலும் பெரிதாக எதுவும் நடக்காது என்பது என் கருத்து. வரலாமா என்று யோசிப்பவர் போடும் கணக்கு வேறு: முதல் இரண்டு வருடத்தில் எத்தனை நல்ல மாணவர்கள் கிடைப்பார்கள், எத்தனை நாள் ஃபைல் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

முதலில் சம்பளம். ஐஐடியில் உதவிப் பேராசிரியர் கிரேடு ஒன்றுக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 1,01,500 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்தால் சென்னை மாதிரி ஊரில் மாதம் 2 லட்சத்தை ஒட்டி வரும். முழுப் பேராசிரியருக்கு அடிப்படை 1,59,100. பெங்களூரில் 2005 முதல் இயங்கும் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சோ, 2019-ல் வந்த கூகுள் ரிசர்ச்சோ தருவது இதற்குப் பல மடங்கு. அந்தப் பந்தயத்தில் எந்த அரசு நிறுவனமும் ஜெயிக்க முடியாது, ஜெயிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பேராசிரியர் வேலையைத் தேடி வருபவர் கம்பெனிச் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வருகிறார். அவருக்கு வேண்டியது நினைத்த கேள்வியை எடுத்துக்கொள்ளும் சுதந்திரமும், கூட உழைக்க மாணவர்களும். அதில் கை வைத்தால்தான் ஆள் கிளம்பிப் போவார்.

நம்மிடம் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டில் இருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்காக 2017-ல் வந்த வஜ்ரா: வருடத்துக்கு ஒன்று முதல் மூன்று மாதம் வந்து போகலாம், முதல் மாதத்துக்கு 15,000 டாலர், அடுத்த மாதங்களுக்குத் தலா 10,000. 2023-ல் வைபவ்: வருடம் ஒன்றிரண்டு மாதம், மாதம் 4 லட்சம் ரூபாய் வரை, மூன்று வருடத்துக்கு. இரண்டுமே வந்துபோகும் விருந்தாளிக்கான ஏற்பாடு. தப்பில்லை, கூட்டு ஆராய்ச்சிக்கு உதவும். ஆனால் டிசம்பரில் ஆறு வாரம் வந்து நாலு லெக்சர் கொடுப்பவர் பிஹெச்டி மாணவரை வளர்க்க முடியாது. சோதனை ஓடாத நாளில் பக்கத்து அறையில் உட்கார்ந்து "இந்த லெம்மா ஏன் தப்பு" என்று பலகையில் எழுதிக் காட்ட ஒரு ஆள் வேண்டும். சீனா 2008-ல் தொடங்கிய ஆயிரம் திறமையாளர் திட்டத்திலும் இதே சிக்கல் வந்தது. பெயர்பெற்றவர்களில் பலர் அமெரிக்க வேலையை விடாமல் பகுதிநேரமாக வந்துபோனார்கள். அப்புறம்தான் 40 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் முழுநேரமாக வரவேண்டும் என்று இளையோருக்குத் தனிப் பிரிவு போட்டார்கள்.

முழுநேரமாக வருபவர்களுக்கு நம்மிடம் இருப்பது ராமானுஜன் ஃபெல்லோஷிப். ஐந்து வருடம், மாதம் 1,35,000, ஆராய்ச்சிச் செலவுக்கு வருடம் 7 லட்சம். ஆறாவது வருடம் என்ன என்பதற்கு அதில் பதில் கிடையாது. ஜெர்மனியின் ஹம்போல்ட் பேராசிரியர் பதவியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே ஐந்து வருடத்துக்குச் சோதனைத் துறைகளுக்கு 50 லட்சம் யூரோ, கோட்பாட்டுத் துறைகளுக்கு 35 லட்சம். தொகையை விடுங்கள், விதியைப் பாருங்கள். ஆராய்ச்சியாளர் தானாக விண்ணப்பிக்க முடியாது, பல்கலைக்கழகம்தான் பெயரை அனுப்ப வேண்டும். அனுப்பும்போதே ஐந்து வருடம் முடிந்த பிறகு அவரை எப்படி வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது, ஆள் வந்து இறங்குவதற்கு முன்பே நிறுவனம் மாட்டிக்கொள்கிறது. நம்மூரில் மாட்டிக்கொள்வது வந்தவர்.

இப்போது மாணவர்கள். பிரச்சினையின் மையம் இதுதான். கணினியியல் ஆராய்ச்சிக்குப் பெரிய லேப் வேண்டாம் என்பார்கள். நாலு கூர்மையான பிஹெச்டி மாணவர்கள்தான் இங்கே லேப். ஆகஸ்டில் வேலைக்குச் சேரும் புதுப் பேராசிரியரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஜூலையில் சேர்ந்த மாணவர் பேட்ச் ஏற்கெனவே பங்கு போட்டாகிவிட்டது. ஜனவரியில் சேர்க்கை இருந்தால் ஒருவர் கிடைக்கலாம், இல்லையென்றால் அடுத்த ஜூலை. வந்த மாணவருக்குக் கோர்ஸ் வொர்க் ஒரு வருடம், பிறகு தகுதித் தேர்வு. உருப்படியான முதல் பேப்பர் மூன்றாவது வருடத்தில்தான். அதற்குள் வெளிநாட்டில் இவரோடு போஸ்ட்டாக் (பிஹெச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை) செய்தவர்கள் ஆளுக்கு ஐந்தாறு பேப்பர் போட்டிருப்பார்கள்.

மாணவர் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் மோசம். பிஹெச்டி மாணவர்களுக்கு அரசு தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023-ல் கூட்டிய பிறகும் மாதம் 37,000. பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் 70,000-ல் தொடங்கி 80,000 வரை போகிறது, அது மிகச் சிலருக்குத்தான். கேம்பஸ் இன்டர்வியூவில் வருடம் 20 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடும் பையனிடம் "தம்பி, 37,000 வாங்கிக்கொண்டு ஐந்து வருடம் படி" என்று எந்த முகத்தோடு சொல்வது? அந்தப் பணமும் மாதக்கணக்கில் தாமதமாகிறது என்ற செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டுதான் இருக்கிறது. தொகையைக் கூட்டுவதற்கு முன்னால், இருப்பதையாவது மாதாமாதம் ஒன்றாம் தேதி போட்டால் புண்ணியம்.

இதில் கம்பெனி ஆராய்ச்சிக் கூடங்கள் ஒன்றைச் சரியாகப் பிடித்தன. பி.டெக் முடித்தவர்களை ஓரிரண்டு வருடம் நல்ல சம்பளத்தில் ஆராய்ச்சி உதவியாளராக வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பேப்பர் எழுதிவிட்டு அமெரிக்க பிஹெச்டிக்குப் போகிறார்கள். ஒரு ஐஐடி ஏன் புதுப் பேராசிரியர் சேரும் நாளிலேயே அப்படி இரண்டு இடங்களை அவர் கையில் கொடுக்கக் கூடாது? இரண்டு பேருக்கு மாதம் தலா 60,000 என்றால் வருடம் 14.4 லட்சம். முதல் மாணவர் வரும்வரையிலான வெற்றிடம் அடைபடும், அந்த இரண்டு பேரில் ஒருவர் அங்கேயே பிஹெச்டிக்குத் தங்கினாலும் லாபம்.

அடுத்தது இயந்திரம். ஏஐ ஆராய்ச்சிக்கு ஜிபியு என்ற வேகக் கணிப்பு அட்டைகள் வேண்டும்; அதில் ஹெச்100 ரகம் ஒன்றே 20 லட்சத்துக்கு மேல். எட்டு அட்டை கொண்ட சர்வர் கோடிகளில் போகும். ராமானுஜனின் வருட நிதியான 7 லட்சம் அதில் ஒரு அட்டைக்கே போதாது. சரி, நிறுவனம் பணம் கொடுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்பெசிஃபிகேஷன் கமிட்டி, டெண்டர், டெக்னிக்கல் பிட், ஃபைனான்ஷியல் பிட், குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர். பெட்டி வந்து இறங்கிய பிறகு அந்த ஒரு சர்வர் மட்டும் பத்து கிலோவாட் வரை மின்சாரம் இழுக்கும் என்று யாருக்கோ ஞாபகம் வரும். பழைய கட்டடத்தின் வயரிங் தாங்காது, ஏசி போதாது. சிவில் வேலைக்கு இன்னொரு டெண்டர். சர்வர் ஓட ஆரம்பிக்கும்போது சந்தையில் அடுத்த தலைமுறை அட்டை வந்துவிட்டிருக்கும்.

க்ளவுடில், அதாவது இணையம் வழியாக இன்னொருவர் கணினியை, வாடகைக்கு எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். எடுக்கலாம், ஆனால் அதை எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது? எக்விப்மென்ட் இல்லை, கையில் பொருள் எதுவும் வரவில்லை. கன்ஸ்யூமபிள், அதாவது தீர்ந்துபோகும் பொருள் என்றால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் எப்படிப் பதிவது என்று ஆடிட் கேட்கும். கான்டிஞ்ஜென்சி என்ற சில்லறைச் செலவுத் தலைப்பில் அவ்வளவு பணம் இருக்காது. மார்ச் 31-க்குள் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும் என்பதால் பிப்ரவரியில் எல்லோரும் எதையாவது வாங்கிக்கொண்டிருப்பார்கள். நியாயமாகச் சொன்னால் மாற்றம் நடந்திருக்கிறது. 2025 ஜூனில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கொள்முதல் விதிகளைத் தளர்த்தினார்கள். கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. 200 கோடி வரை உலகளாவிய டெண்டருக்கு இயக்குநரே ஒப்புதல் தரலாம். மத்திய அரசின் இந்தியாஏஐ மிஷன் மானிய விலையில் ஜிபியு மணிநேரம் தருகிறது. இதையெல்லாம் ஆஃபர் லெட்டரிலேயே எழுதிக் கொடுங்கள்: இத்தனை ஜிபியு மணிநேரம், இந்தத் தேதி முதல், க்ளவுட் செலவுக்கு இன்ன தலைப்பு. ஜெனிவாவிலோ சியாட்டிலிலோ உட்கார்ந்து யோசிப்பவருக்குப் பத்துப் பக்கக் கனவு அறிக்கையைவிட அந்த மூன்று வரி பெரிது.

மதிப்பீட்டிலும் ஒரு கோளாறு இருக்கிறது. கணினியியலில் முக்கியமான முடிவுகள் பெரும்பாலும் மாநாடுகளில்தான் முதலில் வெளியாகும். நியூரிப்ஸ் (இயந்திரக் கற்றல்), ஸ்டாக் (கோட்பாடு), சிகாம் (நெட்வொர்க்), பாப்பிள் (நிரல்மொழிகள்) என்று உட்பிரிவுக்கு உட்பிரிவு பெயர் மாறும். தேர்வுக் கமிட்டியில் வேதியியல்காரர் ஒருவரும் சிவில் எஞ்சினியரிங்காரர் ஒருவரும் இருந்துவிட்டால் முதல் கேள்வியே "ஜர்னல் எத்தனை, இம்பாக்ட் ஃபாக்டர் என்ன?" ஸ்டாக் மாநாட்டில் நாலு பேப்பர் வைத்திருப்பவரைவிட, யாரும் படிக்காத ஜர்னலில் நாற்பது வைத்திருப்பவர் மேலே வந்துவிடுவார். ஐஐடிகளில் இது ஓரளவு சரியாகிவிட்டது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் பேப்பருக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு இன்னும் ஆளை மிரட்டுகிறது.

யாரைக் கூப்பிடுவது? எல்லோரும் கணினியியலின் நோபல் எனப்படும் டூரிங் விருதை வாங்கியவரைத்தான் கனவு காண்கிறார்கள். அந்த விருது வாங்கிய ஆண்ட்ரூ யாவ் 2004-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனை விட்டு சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்குப் போனது உண்மைதான். போனவர் அடுத்த வருடமே இளநிலை மாணவர்களுக்கு 'யாவ் வகுப்பு' தொடங்கினார், அதனால்தான் அந்த நியமனம் பலன் கொடுத்தது. நட்சத்திரத்தை ரிப்பன் வெட்டக் கூப்பிட்டிருந்தால் அவரோடு முடிந்திருக்கும். கனடாவின் கதையில் இன்னும் பாடம் இருக்கிறது. ஏஐ முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன் டொரன்டோவுக்கு வந்தது 1987-ல், இன்றைய புகழுக்கு வெகு முன்னால். சிஃபார் என்ற கனடிய ஆராய்ச்சி அமைப்பு அவருக்குப் பாடம் எடுக்கும் சுமையைக் குறைத்துக் கொடுத்தது. 2004-ல், இன்றைய ஏஐ-க்கு அடிப்படையான நியூரல் நெட்வொர்க் யாருக்கும் பிடிக்காத காலத்தில், அவர் தலைமையில் ஒரு திட்டத்துக்கு நிதி கொடுத்தது. 12.5 கோடி கனடிய டாலரில் தேசிய ஏஐ கொள்கை வந்தது 2017-ல்தான். முப்பது வருடம் கழித்து!

எனவே பட்டியல் 30 முதல் 35 வயதுக்காரர்களிடமிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பட்டியல் நம் கையிலேயே இருக்கிறது. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் பி.எஸ்ஸி முடித்து வெளியே பிஹெச்டிக்குப் போனவர்கள், ஐஐடிகளிலிருந்து போனவர்கள், இப்போது எங்கே போஸ்ட்டாக் செய்கிறார்கள் என்று அவர்களுடைய பழைய ஆசிரியர்களுக்குத் தெரியும். கேட்டு எழுதி வைக்க ஒரு ஆள் போதும்.

ஆனால் காலண்டர் பொருந்த வேண்டும். அமெரிக்கத் துறைகள் நவம்பர், டிசம்பரில் விண்ணப்பம் வாங்கி, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நேர்காணல் நடத்தி, மே மாதத்துக்குள் முடித்துவிடுகின்றன. நம்மூரில் வருடம் முழுக்க விண்ணப்பம் வாங்குவோம், தேர்வுக் கமிட்டி எப்போது கூடும் என்று தெரியாது, அதற்குப் பிறகு போர்டு ஒப்புதல். ஏப்ரலில் ஒரு கையில் அமெரிக்க ஆஃபரும் மறு கையில் "அண்டர் ப்ராசஸ்" என்ற மெயிலும் இருந்தால் எவர் காத்திருப்பார்? ஜனவரிக்குள் நேர்காணல், பிப்ரவரிக்குள் கையெழுத்தான கடிதம், போஸ்ட்டாக் முடிக்க ஒரு வருட அவகாசம். இதற்குப் புதிதாக ஒரு ரூபாய் நிதி வேண்டாம்.

கணவன் மனைவி இரண்டு பேருக்கும் வேலை என்பதை நம் நிறுவனங்கள் இன்னும் குடும்ப விஷயமாகவே பார்க்கின்றன. இந்த வயதில் வருபவர்களில் பலருடைய துணையும் ஆராய்ச்சியாளர்தான். சென்னையில் ஐஐடி, தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் என்று ஒரே சாலைப் பக்கமாக வரிசையாக இருக்கின்றன. ஒருவருக்கு ஆஃபர் கொடுக்கும் அன்றே மற்றவருடைய சி.வி.யை மற்ற இரண்டு இடங்களுக்கும் அனுப்ப ஒரு பொது ஏற்பாடு இருந்தால் போதும். மண்டி, பாலக்காடு மாதிரி ஊர்களில் இருக்கும் ஐஐடிகளுக்கு அந்த வசதி இல்லை. அங்கே இரண்டு ஆஃபரையும் ஒரே கூட்டத்தில் முடிவு செய்தாக வேண்டும், இல்லையென்றால் இரண்டு பேருமே வரமாட்டார்கள்.