பூசினாலே மின்சாரம் தரும் ‘நானோ பெயிண்ட்’: உண்மை என்ன?

‘டைட்டானியம் ஆக்சைடு நானோ குழாய் பெயிண்ட்டை மொட்டை மாடியில் பூசினால் இரவும் பகலும் மின்சாரம், சோலார் பேனலே வேண்டாம்’ என்றொரு வாட்ஸ்அப் செய்தி மதுரை, மேலூர், திருமங்கலம் குழுக்களில் சுற்றுகிறது. அது தவறு.

நானோ குழாய் உண்மைதான். டைட்டானியம் தகட்டை ஃபுளோரைடு கலந்த கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தினால், அதன்மேல் நுண்குழாய்கள் வரிசையாக வளரும். ஆனால் சோலார் செல்லில் அவை சட்டகம் மட்டுமே. இந்த ஆக்சைடு புற ஊதா ஒளியைத்தான் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியும் வெயிலை விட்டுவிடும். ஆகவே சுங்குடிக்குச் சாயம் ஏற்றுவதுபோல, ஒளியை உறிஞ்சும் சாயத்தையோ வேறு பொருளையோ குழாய்களில் ஏற்ற வேண்டும். பிறகு மின்முனைகள் வேண்டும், கசியாத மூடி வேண்டும். சாதாரண வெள்ளை பெயிண்ட்டிலேயே இதே ஆக்சைடு இருக்கிறது. பூசினால் போதுமென்றால் மாசி வீதிகளில் யாருக்கும் மின்கட்டணம் வந்திருக்காது! இருட்டில் எந்த சோலார் செல்லும் மின்சாரம் தராது.

சாயம் ஏற்றிய செல்லின் அமைப்பை 1991இல் நேச்சர் அறிவியல் இதழில் விஞ்ஞானிகள் ஓ’ரீகன், கிரெட்சல் எழுதிய கட்டுரையில் பார்க்கலாம். பக்கத்துக் கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் இருப்பவையோ சிலிக்கான் பேனல்கள்.

சோலார் போடுகிறோம் என்று யாராவது முன்பணம் கேட்டால், பிரதமரின் சூர்யா கர் (வீட்டுக் கூரை சோலார்) திட்ட இணையதளத்தில் பதிவுபெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.