ஜனவரியில் மட்டும் திறக்கும் ஆய்வகம்

மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் ஆய்வகத்தைச் செய்முறைத் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு மட்டும் திறந்துவிடும் வழக்கம் ஒழிய வேண்டும். ஜூனில் பாடம் தொடங்கிவிடுகிறது. வாரத் தேர்வு, ஸ்லிப் டெஸ்ட், திருப்புதல் தேர்வு என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோகிறது. ஆய்வகத்தில் மட்டும் ஜனவரி வரை பூட்டு தொங்குகிறது. எல்லாப் பள்ளிகளும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் நான் படித்த பள்ளி இப்படித்தான் இருந்தது. இப்போது என் சித்தி மகள் படிக்கும் பள்ளியும் இப்படித்தான் இருக்கிறது.

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து, இப்போது இளங்கலை வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். பள்ளியில் எங்களுக்குக் கிடைக்காமல் போனது எதுவென்று கல்லூரி ஆய்வகத்தில்தான் எனக்கு விளங்கியது.

ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் தரம்பார்க்கும் (ஒரு கரைசலின் செறிவை இன்னொரு கரைசலால் அளக்கும்) சோதனையையே எடுத்துக்கொள்வோம். பிப்பெட் என்ற அளவுக்குழாயால் 20 மி.லி. அமிலக் கரைசலைக் கூம்புக் குடுவையில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, திருகு வைத்த நீண்ட அளவுக்குழாயான பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டு விழுந்ததும் அதன் ஊதா நிறம் உடனே மறையாது. குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல வெளிறும். அடுத்தடுத்த சொட்டுகளோ விழுந்த மாத்திரத்தில் நிறமிழக்கும். அமிலமும் அதேதான், பெர்மாங்கனேட்டும் அதேதான். பிறகு எதனால் இந்த வேகம்? வினையில் உண்டாகும் மாங்கனீசு(II) அயனியே அந்த வினையை வேகப்படுத்தும் வினைவேகமாற்றியாகிவிடுகிறது. பாடநூலில் இதற்குப் பெயர் தன்வினைவேகமாற்றம்.

இதற்கு வரையறை எழுதி நாங்கள் மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். முதல் சொட்டு தயங்குவதையும் கண்ணால் பார்த்திருக்கிறோம். இரண்டும் ஒன்றுதான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? பாடம் நடந்தது ஒரு பருவத்தில், தரம்பார்த்தல் நடந்தது வேறொரு பருவத்தில். பாடம் நடந்த அதே வாரத்தில் ஒரு பியூரெட்டை வகுப்பின் முன்னால் நிறுத்தி, அந்த முதல் சொட்டைக் காட்டியிருந்தால் அந்த வரையறையை யாரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டியதில்லை. எனக்கு மனம் பொறுக்காத இடம் இதுதான்.

இதே சோதனையில் இன்னும் எத்தனையோ கேள்விகள் இருக்கின்றன. கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் என்ன? பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினாக்கிவிடும், அளவு தப்பும். நைட்ரிக் அமிலம் சேர்க்கலாமா? அது தானே ஓர் ஆக்சிஜனேற்றி. வினை முடிந்ததைக் காட்டும் நிறங்காட்டி எதுவும் ஏன் ஊற்றவில்லை? பெர்மாங்கனேட்டே நிறங்காட்டி. ஒரு சொட்டு கூடினாலும் வெளிர் இளஞ்சிவப்பு நிறம் நிலைத்து நின்றுவிடும். அந்த ஒரு சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு பியூரெட்டின் திருகைத் திருப்பியவருக்குத்தான் 0.1 மி.லி. என்பது எவ்வளவு பெரிய அளவு என்று தெரியும்.

கொடுத்த கரிமச் சேர்மம் என்னவென்று கண்டறியும் பகுப்பாய்வின் நிலை இதைவிட வருத்தமானது. செய்முறை, காண்பன, அறிவன என்று அட்டவணையில் பத்திகள் இருக்கும். முதலில் செய்ய வேண்டும், பிறகு பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும். நடப்பது தலைகீழ். பாதாம் மணம் வந்தால் பென்சால்டிஹைடு என்று மாணவர்கள் பெயரை முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு மனப்பாடமாக இருக்கும் அட்டவணையைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி நிரப்புகிறார்கள். நைட்ரோபென்சீனுக்கும் கிட்டத்தட்ட அதே மணம்தான். மூக்கை நம்பக் கூடாது, சோதனையை நம்ப வேண்டும் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. அது வீணாகிறது. மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை மட்டும் ஆய்வகத்துக்குள் விட்டு, அடுத்த முறை தேர்வு என்றால் வேறு என்னதான் செய்வார்கள்?

குளுக்கோஸை வைத்து வெள்ளி ஆடிச் சோதனை செய்தால் சோதனைக் குழாயின் உட்சுவர் முழுதும் கண்ணாடியாகப் பளபளக்கும். குழாய் சுத்தமாக இல்லாவிட்டால் ஆடிக்குப் பதில் கறுத்த படிவுதான் வரும். கழுவும் வேலையும் வேதியியலின் பகுதிதான் என்பதை அந்தக் கறுப்பு சொல்லிக்கொடுத்துவிடும். (இந்தச் சோதனைக்கான டாலன்ஸ் கரைசலை அப்போதைக்கு அப்போது தயாரித்து, மிச்சத்தை அன்றே அப்புறப்படுத்த வேண்டும். வைத்திருந்தால் வெடிக்கும் பொருள் உருவாகும். ஆசிரியர்கள் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.)

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆக்சாலிக் அமிலம் நச்சு. அதைப் பதினேழு வயதுப் பிள்ளைகள் வாயால் உறிஞ்சுவதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிப்பெட்டில் மாட்டும் ரப்பர் பல்புக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

தேர்வுகளே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஸ்லிப் டெஸ்ட் எனக்கு உண்மையாகவே உதவியது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஆகவே சிறு தேர்வு வலிமையான கருவி. அந்தக் கருவியால் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் என் சண்டை. ‘தன்வினைவேகமாற்றம் – வரையறு’ என்று கேட்பதை விட்டு, ‘முதல் சொட்டின் நிறம் மறைய ஏன் நேரமானது?’ என்று கேட்டால் அதே ஐந்து நிமிடத்தில் பாடமும் ஆய்வகமும் ஒன்று சேர்ந்துவிடும்.

‘நீட்டுக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஆய்வகத்தில் என்ன வேலை’ என்று கேட்கும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நீட் தேர்வில் வேதியியலுக்கு 45 வினாக்கள், 180 மதிப்பெண்கள். 2024ஆம் ஆண்டுக்கான பாடத்திட்டத்தில் செய்முறை வேதியியலின் கோட்பாடுகள் என்று ஓர் அலகையே சேர்த்தார்கள். ஆக்சாலிக் அமிலம், மோர் உப்பு (பெரஸ் அமோனியம் சல்பேட்) ஆகியவற்றைப் பெர்மாங்கனேட்டுடன் தரம்பார்ப்பது அதில் இருக்கிறது. இதையும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியாகப் பயிற்சி மையங்கள் மாற்றிவிடலாம். ஆனால் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் தேர்வில், கையால் செய்து பார்த்தவருக்கு இருக்கும் உறுதி மற்றவருக்கு வராது.

ஆசிரியர்களின் சிரமமும் தெரியும். பிளஸ் டூவில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறையையும் அகமதிப்பீட்டையும் சேர்த்தே 30. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆய்வக உதவியாளர் இல்லாத பள்ளியில் கரைசல் தயாரிப்பதிலிருந்து குழாய் கழுவுவதுவரை அவர்கள் தலையில்தான் விழுகிறது. எனவே ஒவ்வொரு வாரமும் எல்லோரும் எல்லாச் சோதனையும் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு பாடத்துக்கு ஒரு சோதனை, அந்தப் பாடம் நடக்கும் வாரத்திலேயே, ஆசிரியர் மேசையிலேனும் செய்து காட்டட்டும். மாணவர்கள் குழுக்களாகச் செய்யும் நாள்கள் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே தொடங்கட்டும்.

அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது எழுந்து கேளுங்கள்: இந்த மாதம் வேதியியல் ஆய்வகம் எத்தனை முறை திறந்தது? ஆய்வக உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கிறதா? ரப்பர் பல்புகள் வாங்கியாகிவிட்டதா? பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள்.